பத்துக்கு மூன்று

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் சிஸ்டர் புஷ்பம் கொடுத்தது. "வடிவுக்கா, தெனமும் என்ன சாப்பிட்டீங்க, எத்தன தடவ வாய் கொப்பளிச்சீங்க, வலி பத்துக்கு எத்தனன்னு எழுதிட்டு வாங்க. அடுத்த மாசம் டாக்டரம்மா பாப்பாங்க" என்றாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஊரார் நிலத்துக்கெல்லாம் நாலு எல்லை எழுதியவள் நான். என் வாய்க்கு எழுத மாட்டேனா?

முதலில் விவரம். பெயர் சுடலைவடிவு. வயது அறுபத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஊர் பாளையங்கோட்டை. போன நவம்பரில் என் நாக்கின் இடது ஓரத்தில் இருந்த புற்றுநோயை வெட்டி எடுத்தார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு. அது பிப்ரவரி கடைசியில் முடிந்தது. இரண்டு மூன்று மாதத்தில் புண் எல்லாம் ஆறிவிடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு ஆறியிருக்கலாம். எனக்கு எச்சில் ஊறுவதில்லை. நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உப்பு எரிகிறது, புளி எரிகிறது, சில நாள் வெறும் தண்ணீரே எரிகிறது. மிளகாயின் பக்கம் போகவே முடியாது.

காலை: பாலில் ஊறிய இட்லி இரண்டு. மதியம்: பால் விட்டுக் குழைத்த சோறு, மசித்த கேரட். சாயங்காலம்: நுங்கு மூன்று. இரவு: கேப்பைக்கூழ். கொப்பளித்தது: ஐந்து தடவை, வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஆப்பச்சோடாவும் போட்டு.

வலி: பத்துக்கு மூன்று.

சமைத்தது மைனி. என் அண்ணன் மனைவி ஆவுடையம்மாள். அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அண்ணனின் பதினாறாம் நாளிலிருந்து வீட்டில் இரண்டு அடுப்பு. ஏன் என்பது சிஸ்டர் புஷ்பத்துக்குத் தேவையில்லாத விஷயம். ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று மைனி தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நானும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பற்பசை எரிகிறது என்று நேற்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். (நீளமாகப் பேசினால் நாக்கு பல்லில் உரசுகிறது. அதனால் சின்ன விஷயங்களை எழுதிக் காட்டிவிடுவேன்.) மைனி கடைக்குப் போய்க் குழந்தைகளுக்கான பற்பசையும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். பிரஷ்ஷின் பிடியில் ஒரு மஞ்சள் வாத்து இருக்கிறது. பல் தேய்க்கும்போது அது என் மூக்குக்கு நேரே நின்று என்னையே பார்க்கிறது.

இட்லி ஒன்றரை. சோறு. கூழ். வலி மூன்று.

ஜூன் 13, வியாழன்

மேலத்தெரு சண்முகத்தாய் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தாள். ஆரஞ்சு என் வாயில் பட்டால் நான் கூரையில் போய் நிற்பேன். நன்றி என்று தலையாட்டினேன்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "ஆமா, உள்ளதச் சொல்லணும், வெத்தல பொயல போடுவியளோ? இல்லாட்டா இது எப்படி வரும்?"

இது எனக்குப் பதினோராவது தடவை. நான் காகிதத்தைத் தேடுவதற்குள் மைனி உள்ளே இருந்து வந்துவிட்டாள்.

"வெத்தலையா? இவ காப்பியவே மூணு தடவ ஆத்திக் குடிக்கிறவ. நீ மொதல்ல போயி ஒன் வீட்டுக்காரரு வாயப் பாரு."

சண்முகத்தாய் போன பிறகு மைனி அந்த ஆரஞ்சை உரித்து, என் கண்ணில் படாமல் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

வலி மூன்று.

ஜூன் 16, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினோம். மைனி உள்ளே இறங்கித் தேய்த்தாள். நான் குடத்தில் மொண்டு கொட்டினேன். தொட்டி மூலையைப் பார்க்க டார்ச் எடுத்தால் எரியவில்லை. "போன வாரந்தான செல்லு மாத்துனேன்?" என்றாள் மைனி. எனக்கென்ன தெரியும்.

வலி மூன்று.

ஜூன் 18, செவ்வாய்

இட்லி ஒன்று. நுங்கு. வலி மூன்று.

ஜூன் 20, வியாழன்

ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். வரிசையில் நிற்கும்போது தண்ணீர்ப் பாட்டில் தீர்ந்துபோனது. நாக்கு ஒட்டிக்கொண்டு, "ரெண்டு கிலோ" என்று சொல்வதற்குள் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கடைக்காரர் மட்டும் பொறுமையாகக் காதைச் சாய்த்தார்.

திரும்பி வரும் வழியில் டார்ச்சுக்குச் செல் வாங்கினேன். வீட்டில் டார்ச் என்று ஒன்று இருந்தால் அது எரிய வேண்டுமல்லவா.

வலி மூன்று.

ஜூன் 24, திங்கள்

மைனிக்குக் கண் கூர்மை. சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்ட்டி எல்லாத்தயும் வலது பக்கமாவே தள்ளுத?"

ஈறு வீங்கியிருக்கிறது என்று எழுதிக் காட்டினேன்.

"சாப்பாட்டுக்கு முந்திப் போடுற அந்த மரத்துப்போற மருந்து ஒரு மாசத்துக்கு வரும்னு குடுத்தாவோ. பாட்டில் காலியாக் கெடக்கு."

கை தவறிக் கொட்டிவிட்டது என்று எழுதினேன். மைனி காகிதத்தை வாங்கி, இரண்டு தடவை வாசித்து, மடித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அதை எதற்கு முடிந்துகொள்ள வேண்டும்?

இட்லி அரை. கூழ் முக்கால் டம்ளர். வலி மூன்று.

ஜூன் 27, வியாழன்

காலை பத்து மணிக்குக் குளியலறையில் இருந்தேன்.

"வடிவு, உள்ள என்ன செய்யுத?"

"குளிக்கேன்."

"தண்ணிச் சத்தமே கேக்கல. கதவத் தொற."

குழாயைத் திறந்துவிட்டேன்.

"தொறக்கியா, இல்ல தெருவுல நாலு பேரக் கூப்புடட்டா?"

கூப்பிடக்கூடியவள்தான். திறந்தேன். என் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் அண்ணனின் சவரக் கண்ணாடி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் நின்றேன்.

மைனி டார்ச்சை வாங்கிக்கொண்டாள். "ஆ காட்டு."

என் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது. திறந்த அளவுக்குள் அவள் குனிந்து பார்த்தாள். தையல் போட்ட தழும்புக்குப் பின்னால், நாக்கின் ஓரத்தில், ஒரு நிலக்கடலை அகலத்துக்கு வெள்ளையும் சிவப்புமாக இருக்கிறது. அதைத்தான் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

மூன்று விரல் காட்டினேன்.

"மூணு நாளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மூணு வாரமா! ஏட்டி, மூணு வாரமா எம் பக்கத்துலயே படுத்துக் கெடந்துக்கிட்டு எங்கிட்டச் சொல்லலியா?"

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டார்ச்சை அணைத்தாள். அணைத்த டார்ச்சை மறுபடி எரியவிட்டு அணைத்தாள். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு" என்று சொல்லிவிட்டுப் போய், மதியத்துக்குப் பாலைக் காய்ச்சினாள்.

சொல்லாததற்குக் காரணம் எழுத வேண்டுமென்றால்: சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

வலி: இன்று எழுதவில்லை.

ஜூன் 28, வெள்ளி

டாக்டர் ரெஜினா நோட்டைத்தான் முதலில் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லா நாளும் மூணுன்னு போட்டிருக்கீங்க."

அதற்கு மைனி, "முப்பத்திநாலு வருசம் பத்திர ஆபீஸ்ல எழுதுனவ டாக்டரம்மா. எழுத்துல பொய்யே இருக்காது" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள். என்னால் டாக்டரைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன்.

டாக்டர் கையுறை போட்டு வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தார். நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் விரலை எடுத்த பிறகுதான் தெரிந்தது, நான் பிடித்துக்கொண்டிருந்தது மேஜையை அல்ல, மைனியின் மணிக்கட்டை. வளையல் அழுந்தி அவள் கையில் சிவந்துபோயிருந்தது.

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு கூரா இருக்கு. அது உரசியும் புண்ணு வரலாம். ஆனா உங்க விஷயத்துல நான் யூகத்துல விடமாட்டேன். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். பத்து நாள் ஆகும்" என்றார் டாக்டர்.

ஊசி போட்டு எடுத்தார்கள். எடுக்கும்போது வலிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வலித்தது.

வலி: பத்துக்கு எட்டு. முதல் நாளிலிருந்தே ஆறுக்குக் குறைந்ததில்லை. முன்பக்கங்களைத் திருத்தவில்லை. அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே யார் போடுவது?

ஜூன் 30, ஞாயிறு

இளநீர் வழுக்கையை மிக்சியில் அடித்துக் கொடுத்தாள். இறங்கியது.

ஜூலை 2, செவ்வாய்

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். இந்த நோட்டை இனி சிஸ்டர் புஷ்பத்திடம் காட்டப்போவதில்லை. அவளுக்கு வேறு ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

அண்ணனின் பதினாறாம் நாள் விருந்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைனி வைத்த குழம்பை வாயில் வைத்ததும் நான் சத்தமாகச் சொன்னேன்: "முப்பது வருசம் இந்தத் தண்ணிக் கொழம்பத் தின்னுதான் எங்க அண்ணன் போய்ச் சேந்தான்." அண்ணன் போன ஆத்திரம் எனக்கு. அது யார்மேல் விழ வேண்டும் என்று இல்லாமல் அவள்மேல் விழுந்தது. பந்தி முழுக்கக் கேட்டது. மைனி கையில் வாளியோடு நின்றாள். அடுத்த நாள் தனி அடுப்பு வாங்கி வந்தது நான்தான், அவள் இல்லை.

இந்த எட்டு மாதமாக எனக்கு ஒவ்வொரு கரண்டியையும் ஆற வைத்து, உதட்டில் தொட்டுப் பார்த்துக் கொடுப்பவள் அவள். ரிசல்ட் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வந்த பிறகு சொன்னால் பயத்தில் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு முழுத் தாளில் எழுதினேன். மூன்று பத்தி. மதியம் அவள் வெங்காயத்தாளை ஆய்ந்துகொண்டிருந்தபோது நீட்டினேன்.

"கண்ணாடி மேல கெடக்கு. நீயே வாசி."

கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

"வேண்டாம். வாசி."

வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். 'ழ'வும் 'ற'வும் எனக்கு இப்போது சரியாக வருவதில்லை. 'குழம்பு' என்ற சொல் அந்தக் கடிதத்தில் நாலு இடத்தில் வருகிறது. நாலு தடவையும் 'குயம்பு' என்றே வந்தது. முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. நாக்கு எரிந்ததால் வந்தது.

மைனி வெங்காயத்தாளை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"தண்ணியாத்தான் இருந்துது."

"ம்?"

"முப்பது பேருக்கு வச்ச கொழம்பு. வந்தது அறுவது பேரு. என்ன செய்யச் சொல்லுத? ரெண்டு கொடம் தண்ணிய ஊத்துனேன். யாருக்கும் தெரியலன்னு நெனச்சேன். ஒனக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு."

நான் சிரித்துவிட்டேன். பயங்கரமாக வலித்தது. அவளும் சிரித்தாள்.

"ஆறு வருசமாக் கோவமா இருந்தீங்களா மைனி?"

"ஒரு வருசம் இருந்தேன். அப்புறம் நீ பேசுவன்னு பாத்தேன், நீ பேசல. நீ கத்தாம வீடு சும்மா கெடந்துது. அது ஒண்ணுதான் எனக்கு ஆகல."

வலி ஏழு.

ஜூலை 5, வெள்ளி

கொப்பளிக்கும் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்தால் எரிச்சல் குறைகிறது. கூழை இறக்கி அரைமணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். வாழைப்பழம் தொண்டையில் ஒட்டுகிறது, பால் விட்டு அடித்தால் சரி. உதட்டில் தேங்காயெண்ணெய். சின்னக் கரண்டி. இதையெல்லாம் மைனி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நான் எழுதுகிறேன்.

சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். "மறுபடி வெட்டணும்னு சொன்னா, நான் மாட்டேன் மைனி. மிச்சம் இருக்குற நாக்கும் போயி, கதிரும் குடுத்து... என்னால முடியாது."

போர்வையின் ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். இரண்டு பேரும் மடித்து நடுவில் சேர்ந்தோம். அவள் என் கையிலிருந்த முனையையும் வாங்கிக்கொண்டாள்.

"முடியாதுன்னா முடியாது. ஒன் வாயி, ஒன் இஷ்டம். ஆனா அதச் சொல்லுததுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அதுவரைக்கும் கூழக் குடி."

உள்ளே போய்விட்டாள். போர்வையை அலமாரியில் வைக்க ஒரு நிமிஷம் போதும். அவள் வெளியே வரப் பத்து நிமிஷமாயிற்று. முகம் கழுவியிருந்தாள்.

வலி ஆறு.

ஜூலை 8, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வீட்டை இரண்டு தடவை பெருக்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

புற்று இல்லை.

முதலில் அதை எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் பிறகு.

டாக்டர் ரெஜினா நாங்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். கதிர் பட்டு மெலிந்துபோன தோலில் அந்தக் கூரான பல் உரசி உரசி வந்த புண். கூடவே பூஞ்சை. எச்சில் இல்லாத வாயில் அது சுலபமாக வருமாம். பூஞ்சைக்கு மருந்து எழுதினார்.

"அந்தப் பல்லப் புடுங்கிரலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் மைனி. இப்போதே தன் கையால் பிடுங்கிவிடுவாள் போல இருந்தது.

"கூடாது. கதிர் குடுத்த தாடை, புடுங்குனா எலும்பு ஆறாது. பல் டாக்டர்கிட்ட அனுப்புறேன், நல்லா மழுக்கிவிடுவாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எரிச்சல் உடனே போயிடும்னு நெனைக்காதீங்க. ஒரு வருஷம் ஆகலாம். கொஞ்சம் எரிச்சலும் வறட்சியும் போகாமலே இருக்கலாம். அதோட வாழப் பழகணும். ஆனா புதுசா எதப் பாத்தாலும் அன்னைக்கே வரணும். மூணு வாரம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார். டார்ச் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் மைனியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மைனி பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். "என்ன மைனி?" என்றேன். "கால்ல ஒரு கல்லு" என்றாள். செருப்பில் கல் எதுவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு அது கிடைக்கும்வரை இருந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

பல்லை மழுக்கினார்கள். நாக்கு இப்போது அந்த இடத்தில் போய் முட்டிப் பார்க்கிறது. கூர் இல்லை.

வலி ஐந்து.

ஜூலை 25, வியாழன்

புண் வற்றிவிட்டது. மைனி தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். இப்போது நிலக்கடலை இல்லை, எள் அளவு என்கிறாள்.

ஆனால் எரிச்சல் இருக்கிறது. பேசினால் இருக்கிறது, பேசாவிட்டாலும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் வாய் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. ரிசல்ட் வந்த பிறகு தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "நல்லாயிட்டியளாமே, சந்தோசம்" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். இவ்வளவு பெரிய நல்ல சேதிக்குப் பிறகு இன்னும் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? நன்றிகெட்டவள் மாதிரி இருக்காதா? இன்று மதியம் பால்சோறு பாதியில் நின்றுவிட்டது. ஒன்றும் இல்லை, வயிறு நிறைந்துவிட்டது என்று எழுதிக் காட்டினேன்.

மைனி காகிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்தாள்.

"நல்ல சேதி வந்தா வலிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? வலிச்சா வலிக்குன்னு சொல்லு. எனக்கு மொழங்காலு இருவது வருசமா வலிக்கு. நான் தெனமும் சொல்லுதேன். நீ தெனமும் கேட்டுக்கிட்டுத்தான இருக்க?"

உண்மைதான். முழங்காலைப் பற்றி அவள் சொல்லாத நாள் கிடையாது. பக்கத்துச் சமையலறையிலிருந்து அடுப்போடு பேசிய ஆறு வருஷத்திலும் எனக்குக் கேட்டது.

"வலிக்கு மைனி," என்றேன். "நல்லா வலிக்கு."

"எங்க?"

"நாக்கு, கன்னம், தொண்ட. எல்லா எடமும்."

"சரி. செத்த நேரம் கழிச்சுச் சாப்புடு. எங்கயும் ஓடிராது." தட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். அரைமணி கழித்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

வலி ஆறு. சொன்னதால் குறையவில்லை. ஆனாலும் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இட்லி இரண்டு, முழுதாக. சட்னி இல்லாமல், கொஞ்சம் நெய் தொட்டு. கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்தது.

வலி நான்கு.

ஆகஸ்ட் 17, சனி

இன்று மறுபரிசோதனைக்குத் தனியாகவே போய்வந்தேன். மைனி வருகிறேன் என்றாள். முழங்காலைக் காட்டி வேண்டாம் என்றேன். வழக்கத்துக்கு மாறாக உடனே சரி என்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. டாக்டர் பார்த்து, நல்லபடியாக இருக்கிறது என்றார். மூன்று மணிக்கு வர வேண்டியவள் பன்னிரண்டரைக்கே வீட்டு வாசலில் இருந்தேன்.

உள்ளே ஒரே ஊதுபத்திப் புகை. நாலைந்து பத்தியைச் சேர்த்துக் கொளுத்தியிருக்க வேண்டும். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. பத்தி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ஒன்பது மாதமாக இந்த வீட்டில் வராத வாசனை.

கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லில் மைனி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. சாளை மீன் குழம்பு, சிவக்கச் சிவக்க. அவள் கழுத்தெல்லாம் வேர்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டாள். நான் போன சத்தம் கேட்டதும் தட்டை முந்தானையால் மூடினாள். மீன் சட்டியைக் காலால் கல்லுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஏன் இம்புட்டுச் சீக்கிரம் வந்த?"

"இங்க என்ன செய்தீங்க?"

"ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டு ராசம்மா குடுத்தா. வேண்டாம்னேன். கேக்கல."

அடுப்பங்கரையில் எங்கள் கரண்டி, எங்கள் அரிவாள்மனை, எங்கள் மிளகாய்ப்பொடி டப்பா. எல்லாம் கழுவாமல் கிடந்தன.

"எத்தன நாளா மைனி?"

"இன்னைக்கு மட்டுந்தான்ட்டி. சத்தியமா. நீ ஊர்ல இல்லன்னு..." நிறுத்தினாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒம்போது மாசமா பால்சோறுதான் எனக்கும். நாக்கு செத்துப்போச்சு. ஒனக்கு முன்னால எப்படி இதத் திங்கது? வாசன பட்டாலே நீ ஏங்கிப்போவ."

அவளுடைய ரவிக்கை தோளில் தொளதொள என்று தொங்குவதை நான் மாசிமாதத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். வயதானால் அப்படித்தான் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"மீனு ஆறுது. சாப்புடுங்க," என்றேன்.

"நீ உள்ள போ. நீ நின்னா எனக்கு எறங்காது."

உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் நானே மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரி என் பேச்சு புரியாமல் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை புரிந்துகொண்டு நல்ல சாளையாகப் பார்த்துப் போட்டாள். கொண்டுவந்து மைனியின் முன்னால் வைத்தேன்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு."

"நீ?"

"எனக்குப் பால்சோறு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம். கூடத்துல. ஊதுபத்தி ஒண்ணும் கொளுத்தக் கூடாது."

மாட்டேன் என்றாள். அரைமணி நேரம் மாட்டேன் என்றாள். கத்தினேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு நன்றாக வாயைத் திறந்து, நாக்கு எரிய எரியக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. மைனி அரிவாள்மனையை எடுத்துப்போட்டு மீனைக் கழுவினாள். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, நான் பார்ப்பதற்குள் திருப்பிக்கொண்டாள்.

மிளகாய் அரைத்தபோது தும்மினேன். புளி கொதித்தபோது வாசலுக்குப் போகலாமா என்று இருந்தது. போகவில்லை. மீனைப் போட்டு இறக்கும்போது, உண்மையைச் சொன்னால், ஏங்கத்தான் செய்தேன். ஆனால் அது தாங்க முடியாததாக இல்லை.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காண்டாம். சாப்புடுங்க."

இரண்டாவது வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு அவளுக்கு நான் இருப்பதே மறந்துபோனது. முள்ளை நாக்கால் தள்ளி எடுத்தாள். விரலை நக்கினாள். மேலுதட்டில் வேர்வை பூத்தது. நான் என் பால்சோற்றைச் சின்னக் கரண்டியால் எடுத்து வலது பக்கமும் இடது பக்கமுமாக மாற்றி மாற்றி விழுங்கிக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. பரிமாறுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"எப்படி இருக்கு?"

"ஒறைப்பு கூடிப்போச்சுட்டி," என்றாள், உஸ் உஸ் என்று. கண்ணெல்லாம் தண்ணீர். "கை மறந்துட்டு. வாயெல்லாம் எரியுது."

"எனக்கும் எரியுது," என்றேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. புரை ஏறியது. நான் எட்டித் தலையில் தட்டினேன். எனக்கும் சிரிப்பு, அதில் இன்னும் எரிச்சல். இரண்டு பேரும் வாயைத் திறந்து ஊதிக்கொண்டு, நடுவில் இருந்த ஒரே செம்பை மாற்றி மாற்றி வாங்கித் தண்ணீர் குடித்தோம். காலியானதும் நான் எழுந்தேன். அவள் முழங்கால் வலிக்கும்.

மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன்.